நீலம் அப்படியே இருக்கிறது

சுக்காங்குடி, அரியலூர் வழி
12-2-1944

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்குப் புஷ்பம் எழுதுவது.

ஊரடங்கின பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் மண்ணெண்ணெயைத் திட்டுங்கள். ரேஷனில் வருவது எதற்கும் போதவில்லை, திரியைச் சின்னதாக வைத்திருக்கிறேன். பகலில் அமுதா மடியை விட்டு இறங்குவதில்லை. உடம்பு லேசாகச் சுடுகிறது. "பல்லுதான் மொளைக்குது, நீ ஏன் கெடந்து சாவுறே" என்கிறார்கள் அத்தை. எனக்கோ ஒவ்வொரு சூட்டுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஜெர்மானியர்களை அடைத்து வைத்திருக்கிற முகாமின் ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கம்பவுண்டராக மாற்றியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் ஓவியர் லெங்கர் அங்கே இருப்பாரா? நம் கோயில் சுவரில் அவர் மாதா படம் எழுதின வருஷம், காலேஜ் லீவுக்கு வந்த நான்தானே அவருக்கு இங்கிலீஷில் துபாஷி. நிறம் அரைக்கவும் பிரஷ் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். "சுவர் ஈரமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், அப்போது நிறம் சுண்ணாம்புக்குள் போய்விடும், நூறு வருஷம் நிற்கும். காய்ந்த சுவரில் பசையில் குழைத்துப் போட்டால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான், தண்ணீர் பட்டால் இறங்கிவிடும்" என்பார். முப்பத்தொன்பதில் போலீஸ் வந்து அவரை மோட்டாரில் ஏற்றியபோது கைவிரலில் நீலம் ஒட்டியிருந்ததாம்.

கேட்டுப் பாருங்கள். வடக்கே குளிருக்கு மார்பில் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். இவர் சனிக்கிழமை பெரம்பலூரிலிருந்து வரும்போது தபால் தலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் தங்கை
மரிய புஷ்பம்


டேராடூன்
3-4-1944

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உடம்பு சௌக்கியம். கம்பளியைப் பெட்டியில் போட்டாயிற்று. அமுதாவுக்குப் பல் வந்ததா?

உன் ஆள் இங்கேதான் இருக்கிறார். முகாம் சமாச்சாரம் வெளியே எழுதக்கூடாது என்று உத்தரவு. ஒரு மனிதனின் பழைய கதையை எழுதினால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? ஆஸ்துமா. வாரத்தில் பாதி நாள் என் வார்டில்தான். மருந்து ஊற்றிக்கொண்டே "சுக்காங்குடி" என்றேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நம்மூர்த் தமிழில் அவருக்கு மிச்சம் மூன்று வார்த்தை: சுண்ணாம்பு, தண்ணி, பொன்னாயி.

சொந்த ஊர் டிரெஸ்டன். அப்பா கல்லச்சுக் கூடத்தில் வேலை. இவரும் சிறுவயதில் அச்சுக் கல் தேய்த்தவர். முதல் யுத்தத்தில் இடது காது போயிற்று. திரும்பி வந்த பிறகு சீமாட்டிகளை எழுதப் பிடிக்கவில்லை என்று கரி வெட்டுகிறவன், துணி வெளுக்கிறவள், கால் போன சிப்பாய் என்றே எழுதியிருக்கிறார். அதிலேயே பெயர் வந்தது. சித்திரக் கல்லூரியில் வாத்தியார், மியூசியத்தில் படங்கள். ஹிட்லர் வந்ததும் வேலை போயிற்று. முப்பத்தேழில் படங்களைக் கழற்றிக்கொண்டுபோய், ஜனங்கள் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்து அதில் மாட்டினார்களாம். அதில் ஒன்று, துணி வெளுக்கிறவளை மாதாவாக எழுதினது. இவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் படத்தைப் பார்க்கத் தானே வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற ஒரு அம்மாள் குடையை நீட்டி, "இதுவா தாய்?" என்று சிரித்தாளாம். இதைச் சொல்லிவிட்டு இவரும் சிரித்தார். இருமல் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகுதான், அவருடைய பள்ளித் தோழரான அப்போது அங்கே இருந்த மிஷன் சாமியார் அழைத்து நம் பக்கம் வந்திருக்கிறார். உன்னைக் கேட்கச் சொன்னார்: நீலம் நிற்கிறதா? முகத்தில் வெடிப்பு ஏதும் உண்டா?

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

லூர்துராஜ்


சுக்காங்குடி
28-5-1944

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். அமுதாவுக்கு இரண்டு பல். என் கையைக் கடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், அழுவேனா என்று.

நீலம் அப்படியே இருக்கிறது. முகத்திலும் வெடிப்பில்லை. மாதாவுக்கு அவர் முகமாக எடுத்த பொன்னாயியின் தாவாக்கட்டையில் இருக்கிற மூன்று பச்சைப் புள்ளிகூட நேற்று வைத்தது போலத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள். அவள் மடியில் வைத்து எழுதினாரே, அந்தப் பையன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். இதைச் சொல்ல வேண்டாம்.

அண்ணா, ஒரு சங்கடம். செப்டம்பரில் மேற்றிராணியார், பிஷப் ஆண்டவரே நேரில் வருகிறார். அதற்காகக் கோயில் பெரியவர்கள் நம் வீட்டில் கூடினார்கள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். உபதேசியார் தங்கசாமி ஆரம்பித்தார். "அஞ்சு வருஷமா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். மேற்றிராணியார் நின்னு பாத்து, இது யாரு சாயல்னு கேட்டா என்னான்னு சொல்றது? காளவாயில சுண்ணாம்பு சுடுற தர்மன் பொண்டாட்டின்னா?"

"மாதா பச்சை குத்திக்கிட்டாங்கன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?" என்றார் இன்னொருவர்.

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க அவ முன்னாடி முட்டி போடுறாங்க. அவ நம்ம வயல்ல நாத்து நடுறா. ஞாயித்துக்கிழமை அவளே கோயில் கடைசி மூலையில நின்னு தன்னையே கும்புட்டுக்கிட்டு இருக்கா!" ஒரே சிரிப்பு.

மாமா சிரிக்கவில்லை. கோயில் நாட்டாண்மை அவர்தானே. என்னைப் பார்த்தார். "வெளியாளைக் கூப்புட்டா பேச்சு டவுனுக்குப் போயிடும். நம்ம புஷ்பம் துரைகிட்ட பிரஷ் புடிச்ச பொண்ணு. ஒரு முகந்தானே தாயி, ஒரு வண்டி கல்லா சொமக்கச் சொல்றேன்?"

எனக்கு வராது மாமா என்றேன். "ஒன்னக் காலேஜுக்கு அனுப்பிச்சவன் நானு. ஒனக்கு என்னா வரும், வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அப்பா போன பிறகு நம் இரண்டு பேரையும் அக்காள் பிள்ளைகள் என்று தூக்கி வளர்த்தவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

புஷ்பம்


டேராடூன்
19-6-1944

அன்புள்ள புஷ்பம்,

நலமே. உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

சம்மதிக்காதே. மாமாவை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. கை வலிக்கிறது என்று சொல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல். நாளைத் தள்ளினால் மேற்றிராணியார் வந்து போய்விடுவார், இவர்களும் அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள்.

ஏன் பொன்னாயி என்று அவரைக் கேட்டேன். சுண்ணாம்பு எடுக்கக் காளவாய்க்குப் போயிருந்தாராம். தலையில் கூடை. மர நிழலில் தூளியில் கிடந்த பிள்ளை அழுதிருக்கிறது. கூடையை இறக்கவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, "அதைத்தான் என் ஊரில் எழுதிச் சிரிப்பு வாங்கினேன், உங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை" என்றார்.

உங்கள் கூட்டத்தைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. முகம் எப்படி இருக்கிறது என்று எழுது.

லூர்துராஜ்


சுக்காங்குடி
5-11-1944

அன்புள்ள அண்ணாவுக்கு,

இத்தனை மாசம் எழுதாததற்கு என்ன சொல்ல? அமுதாவுக்கு மணல்வாரி அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்தாள். நான் செய்த ஏதோ ஒன்றுக்குத்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இப்போது எழுந்து நடக்கிறாள். பழைய சதை இன்னும் வரவில்லை.

மேற்றிராணியார் வந்து போனார். தோரணமும் கொட்டுமாக அரியலூர் ஸ்டேஷனிலிருந்தே அழைத்து வந்தார்கள். மாமாவுக்கு ரொம்பத் திருப்தி. எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். இன்னும் கட்டவில்லை, சிவப்பு எனக்குப் பொருந்தாது. இந்த வருஷம் கம்பு பரவாயில்லை. காளவாயில் வேலை குறைச்சல் என்று தர்மன் குடும்பம் கஷ்டப்படுகிறது.

சுவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீலம் அப்படியே இருக்கிறது. மேற்றிராணியாரே நீலத்தைப் பார்த்துப் புகழ்ந்தார்.

தூக்கம் வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

புஷ்பம்


டேராடூன்
20-4-1945

அன்புள்ள புஷ்பத்துக்கு,

குழந்தை தேறியது கேட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். மீன் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கொடு.

நீ நீலத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் முகத்தைக் கேட்டிருந்தேன். குழந்தை சீக்கில் மறந்திருப்பாய்.

பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்துபோனதைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். வேலை போனபோது மிச்சமிருந்த படங்களையெல்லாம் அவர் தன் தமக்கை வீட்டு நிலவறையில் வைத்துவிட்டு வந்தவர். அந்தத் தெருவே இல்லை என்று செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. தமக்கை இருக்கிறாளா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அன்றெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நான் ஓவியன் என்று சொன்னால் இனி எவன் நம்புவான்? போய்ப் பார் என்று காட்ட உங்கள் ஊர்ச் சுவர் ஒன்றுதான்" என்றார். பிறகு பொன்னாயியின் பையன் எந்த வகுப்பு படிக்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பதில் எழுது.

லூர்துராஜ்


பெரம்பலூர்
2-12-1945

அன்புள்ள மச்சானுக்கு ஆரோக்கியசெல்வம் எழுதுவது.

நாங்கள் க்ஷேமம். இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறாத வாத்தியாருக்கு எவ்வளவு க்ஷேமம் சாத்தியமோ அவ்வளவு. உங்கள் தங்கை பேனாவை எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். ஆகவே இந்த மகிழ்ச்சியான செய்தியை நானே எழுத வேண்டியதாகிறது.

நம் கோயில் மாதா அழுகிறாள்! ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் கோயில்பிள்ளை கதவைத் திறந்திருக்கிறார். இரண்டு கண்ணிலிருந்தும் கன்னத்தில் நீர்க்கோடு. யுத்தம் முடிந்தும் வீடு திரும்பாத பிள்ளைகளுக்காக அழுகிறாள் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். மழை பெய்தால் மறுபடி அழுகிறாள். ரஞ்சன்குடிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டி வருகிறார்கள். நம் கரிவாயு பஸ் தெரியுமல்லவா, மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டுமே, அதன் கண்டக்டர் இப்போது "அழுவுற மாதா கோயிலெல்லாம் எறங்கு" என்று கூவுகிறான். அப்பா நடையில் பத்து வயது குறைந்துவிட்டது.

போன வருஷம் அந்த முகத்தைப் புஷ்பம்தான் புதிதாக எழுதினாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பழைய முகத்தை மறைத்து, ஜெபப் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து, நல்ல சிவந்த நிறமாக எழுதியிருந்தாள். அந்தக் கையால் எழுதின முகத்தில் கண்ணீர் வருவது நம் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பாக்கியம்! ஆனால் அவள் கோயிலுக்கு மட்டும் வருவதில்லை. தலைவலியாம்.

தாங்கள் லீவில் வந்து தரிசிக்க வேண்டும்.

தங்கள் மைத்துனன்
ஆரோக்கியசெல்வம்


டேராடூன்
6-1-1946

புஷ்பம்,

புது வருஷத்தில் நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

மச்சான் கடிதம் வந்தது. உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மாமா முன்னால் நின்றால் நானும் பிரஷை எடுத்திருப்பேனோ என்னவோ. லெங்கரிடம் சொல்லவும் இல்லை. இந்த வாரமும் கேட்டார். நீலம் அப்படியே இருக்கிறது என்றேன். பொய்யில்லையே.

ஒன்று மட்டும் சொல். பசையில்தானே குழைத்தாய்?

லூர்துராஜ்


டேராடூன்
18-8-1946

அன்புள்ள புஷ்பத்துக்கு,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் முடிந்ததும் எழுதுகிற முதல் கடிதம் இது. ஜனவரிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு வேலைநிறுத்தத்தைக் காரணம் சொல்ல முடியாது. போகட்டும்.

இப்போது எழுதுவது அவசரம். முகாமைக் கலைக்கிறார்கள். இவர்களையெல்லாம் நவம்பர் கடைசியில் பம்பாயில் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார்கள். அவருக்கு அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. அந்தக் குளிரை இந்த மார்பு தாங்காது என்று டாக்டரே சொல்கிறார். ஒரு வழி இருக்கிறது. இந்த மனிதர் எங்களுக்கு வேண்டும், கோயில் வேலை பாக்கி இருக்கிறது, நாங்கள் பொறுப்பு என்று பங்குச் சாமியாரும் கோயில் நாட்டாண்மையும் முத்திரை போட்டு எழுதினால் இந்தியாவிலேயே இருக்கவிடுவார்கள். தந்தி செல்லாது. அக்டோபர் முடிவதற்குள் காகிதம் இங்கே வர வேண்டும்.

அவரிடம் சொன்னேன். "அவர்கள் கூப்பிடுவார்கள். என் சுவர் அங்கே இருக்கிறதே" என்றார்.

இந்தக் கடிதத்தை அப்படியே மாமாவிடம் கொடு.

லூர்துராஜ்


சுக்காங்குடி
13-11-1946

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. அமுதா நன்றாக இருக்கிறாள்.

ஆகஸ்டு கடிதத்தை நான் மாமாவிடம் கொடுக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். லெங்கர் வந்தால் நேரே கோயிலுக்குள்தானே போவார்? போய் நிமிர்ந்து பார்ப்பாரே, அப்போது நான் எங்கே நிற்பது? கப்பல் போய்விட்டால் அவர் பார்க்கவே வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை. ஜெபமாலை கையில் இருக்கும்போது அதையே வேண்டிக்கொண்டேன். எரிந்துபோன ஊருக்கு ஒரு சீக்காளி மனிதர் போய்ச் சேரட்டும் என்று.

ஆமாம், வஜ்ஜிரப் பசையில்தான் குழைத்தேன். தண்ணீர் பட்டால் போய்விடும் என்று தெரிந்தேதான். பிற்பாடு யாருக்கும் தெரியாமல் கழுவிவிடலாம், மாமாவுக்கும் நல்ல பிள்ளை, லெங்கருக்கும் நல்ல பிள்ளை என்று கணக்குப் போட்டேன். கூரையில் ஓடு ஒன்று நகர்ந்ததும் பசை கரைந்து இறங்கிற்று. ஜனங்கள் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். அதன் பிறகு எப்படிக் கழுவ?

கல்லறைத் திருநாளன்று பொன்னாயி கோயிலுக்கு வந்தாள். இப்போதெல்லாம் வெளியூர்க் கூட்டத்தில் அவள் வழக்கமாக நிற்கும் மூலைகூட அவளுக்குக் கிடைப்பதில்லை. அன்று கூட்டமில்லை. கையில் ஒரு மெழுகுவத்தி. நான் அமுதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உள்ள வாங்க சின்னம்மா, ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்று என்னைக் கூப்பிட்டாள். என்னை! போனேன். அவள் மேலே பார்த்தபடி, "மூஞ்சி போனா போவுது. நான் என்ன மாதாவா? எம் புள்ள மட்டும் நல்லா இருக்கான், பாருங்க, அதே தொடை. ஆனா யாரோ வச்சிருக்காங்க சின்னம்மா. தெரியாதவங்க கையில குடுத்துட்டு வந்த மாரியே இருக்கு" என்றாள். அமுதாவைப் பார்த்துச் சிரித்து, வத்தியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

குடையை நீட்டிச் சிரித்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அந்த அம்மாள் சிரித்ததோடு போய்விட்டாள். நான் மாற்றியே எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், சாமியார் உடுப்பு மாற்றப் போன நேரம், கோயில்பிள்ளையின் ஏணியைச் சாய்த்து, ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக ஏறினேன். யாரும் இல்லாதபோது செய்திருக்கலாம். அப்படிச் செய்தால் இரவோடு இரவாக மாதா முகம் மாறினாள் என்று அதற்கும் ஒரு பஸ் விடுவார்கள்.

முதலில் துடைத்து அலங்கரிக்கிறேன் என்றே நினைத்தார்கள். வழிந்த தண்ணீரை ஒரு வெளியூர்ப் பாட்டி குப்பியில் பிடித்தாள். உபதேசியார், "ஒவ்வொருத்தரா புடிங்க, தள்ளாதீங்க" என்று வரிசை வைத்தார். சிவப்பெல்லாம் கரைந்து தாவாக்கட்டையில் மூன்று புள்ளி தெரிந்ததும்தான் அவர் கத்தினார். "நாட்டாண்ம, இங்க பாருங்க ஒங்க மருமவள!"

மாமா ஏணியடியில் வந்து நின்றார். "எறங்கு புஷ்பம்." அவ்வளவுதான் சொன்னார். நான் இறங்கவில்லை, அண்ணா. முழுக்கக் கழுவினேன்.

முழு முகமும் திரும்பி வரவில்லை. நான் புது முகம் எழுதின அன்றைக்கு நிறம் பிடிப்பதற்காக மாமா கொத்தனை விட்டு இடது கன்னத்தையும் கண்ணையும் கொத்தவிட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் போய்விட்டது. அம்மைத் தழும்பு போல வெள்ளைக் குழிகள்தான் இருக்கின்றன. இன்னொரு கண் பிள்ளையைப் பார்க்கிறது. நீலம் அப்படியே இருக்கிறது. இனி அதை நல்ல செய்தியாகச் சொல்லாதீர்கள்.

சாமியார் வந்து, யார் செய்தது என்று கேட்டார். இரண்டு தடவையும் நான்தான் என்றேன். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். பிறகு, "அந்தக் கண்ணை எழுத அவராலதான் முடியும்" என்று உட்கார்ந்து எழுதி முத்திரை போட்டார். கோயில் நாட்டாண்மை கையெழுத்துக்காகக் காகிதம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கிடந்தது. மாமா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைக்கூட அத்தை கையால்தான் வாங்குகிறார். ஆனால் இன்று காலையில் பார்த்தேன், கையெழுத்து இருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். இவர் நாளை அரியலூர் போய் ரிஜிஸ்தர் தபாலில் சேர்ப்பார்.

அக்டோபர் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆபீசில் யார் காலையாவது பிடித்துக் கொடுங்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: பையன் போனது, பசை, கொத்தன், பானைக்கு அடியில் கிடந்த கடிதம். அதற்குப் பிறகும் வருவாரென்றால் வரட்டும். ஏணியை இன்னும் எடுக்கவில்லை.

அண்ணா, அவரைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்களா, இன்னும் வார்டில்தான் இருக்கிறாரா? அதை மட்டுமாவது எழுதுங்கள். கடிதம் கிடைத்த அன்றே பதில் போடுங்கள்.

புஷ்பம்